பூத்தண்ணீரில் இடது கை

11.6.2024, செவ்வாய். நேற்று ஒரு தப்பு எழுதிவிட்டேன். விரலில் கொப்புளம் வந்தது சனிக்கிழமை என்று. இல்லை, வெள்ளிக்கிழமை. கடைக்கு ரோஜா இறங்கியதுதான் சனிக்கிழமை. ஆகவே ரோஜாவின் மேல் போட்ட பழியை வாபஸ் வாங்குகிறேன். வெள்ளிக்கு முந்திய மூன்று நாளும் நான் கட்டியது சாமந்தி மட்டும். ஆனாலும் நிச்சயமாகச் சொல்ல எனக்கு என்ன தெரியும்?

கடைசி வரியை அடிக்கோடிட்டு நோட்டை மூடினாள் கலைமகள். பெம்பான் கடைத்தெருவில், நிர்மலாதேவியின் பூக்கடையில் மாலை கட்டும் வேலை அவளுக்கு. வாரம் மூன்று மாலை மலாக்கா டவுனுக்கு பஸ் ஏறிப் போய், ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம்.மின் அறிவியல் தாளை மறுபடி எழுதப் படிக்கிறாள். ஒருமுறை கோட்டைவிட்ட பாடம். அதனால் யாராவது குரலை உயர்த்தினால், தனக்குத் தெரிந்ததைக்கூடச் சந்தேகப்பட்டுவிடுவாள். நிர்மலாதேவிக்கோ உயர்த்தாத குரல் என்று ஒன்று கிடையாது.

“என்னடி கை இது, தேரத் தோலு மாதிரி! ஞாயித்துக்கெழம செலண்டார்ல கல்யாணம். இந்தக் கையால மாலைய நீட்டுனா மாப்ள மணவறையிலேருந்து எறங்கி ஓடிருவான் லா.”

“சாமந்தியாலதான்னு நெனைக்கிறேன் அக்கா…”

“சாமிக்கே போடுற பூ, ஒனக்கு மட்டும் சொறி குடுக்குதோ? நீ என்ன சாமிய விடப் பெரிய ஆளா?”

“கிளினிக் போயி ஒருதடவ காட்டிட்டு…”

“போனா எம்.சி. குடுத்து வீட்ல படுன்னுவான். அப்புறம் டாக்டரா வந்து தோரணம் கட்டுவான்? இது கண்ணுடி, கண்ணு! மண்டி பூங்கா போட்டா ரெண்டே நாள்ல எறங்கிரும். நானே கலக்கித் தர்றேன். வியாழக்கெழமைக்குள்ள கை ஆறல, நான் வேற ஆள் பாத்துக்குவேன்.”

மண்டி பூங்கா என்றால் ஏழு வகைப் பூ மிதக்கும் தண்ணீரில் குளிப்பது. அதற்கென்று நல்ல பூவாகத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நிர்மலாதேவி விற்காத பூவாகத் தேடினாள். வெள்ளைச் சாமந்தி, மஞ்சள் சாமந்தி, ஊதா, சிவப்பு, போன வாரத்துப் பச்சைச் சாமந்தி. ஏழில் ஐந்து சாமந்தியாகவே முடிந்தன. ஆறாவது, இதழ் கறுத்த ரோஜா. ஏழாவது, ஒரு பிடி மல்லிகை. அதிலும் பாதி நார். இத்தனையையும் ஒரு வாளித் தண்ணீரில் கொட்டி, நீளமான அகப்பையால் துழாவினாள். ஒரு விரல் நனையவில்லை.

“தலையோட ஊத்திக்க. துண்டால தொடைக்காத.”

கலைமகள் வாளியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் பின்னால் இருந்த குளியலறைக்குப் போனாள். அக்கா இத்தனை உறுதியாகச் சொல்கிறாளே, ஒருவேளை கண்தானோ? சந்தேகம் வந்ததும், வகுப்பு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருந்த வரியும் கூடவே வந்தது: ஒரு சோதனையில் ஒன்றை மட்டும் மாற்று. கொப்புளங்களை எண்ணினாள். இடது கையில் ஒன்பது, வலது கையில் பதினொன்று. பிறகு இடது கையை மட்டும் முழங்கை வரை வாளிக்குள் விட்டு, பத்து நிமிஷம் நின்றாள். மிச்சத்தைச் சாக்கடைக்குக் கொடுத்தாள். சாக்கடைக்குக் கண் பட்டிருந்தால் அதுவாவது தேறட்டும்.

புதன்கிழமை முழுக்க ஆர்க்கிட் மட்டும் கட்டினாள். மாலைக்குள் இடது கை அரிக்க ஆரம்பித்தது. வியாழன் காலையில் அது முழங்கை வரை சிவந்து, வீங்கி, அவித்த மரவள்ளிக்கிழங்கு போல வெடித்திருந்தது. வலது கையோ காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. இரண்டையும் சேர்த்து நீட்டினாள்.

நிர்மலாதேவியின் முகம் மலர்ந்தது. “பாத்தியா? எறங்குது லா! உள்ள இருக்குற கண்ணெல்லாம் வெளிய வருது. இன்னிக்கு இன்னொரு வாளி போடு.”

வாசலில் லாரியிலிருந்து சாமந்திப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்த நிர்மலாதேவியின் தம்பி தனபாலன் சிரித்துவிட்டான்.

“ஒனக்கு வந்தப்ப எத்தன வாளிக்கா ஊத்துன? மலாக்கால ஸ்பெஷலிஸ்ட் கிட்ட ஓடிப்போயி, சாமந்திய தொடவே கூடாதுன்னு லெட்டரே வாங்கிட்டு வந்தியே!”

“நீ பொட்டிய எறக்குடா!”

கலைமகள் நீட்டிய கைகளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். இந்தக் கடையில் இரண்டு வருஷம். அக்கா ஒரு சாமந்தியைத் தொட்டு அவள் பார்த்ததில்லை. ஒரு கையில் போன், மறு கையில் விசிறி. அதை மேற்பார்வை என்று நினைத்து மரியாதை வேறு வைத்திருந்தாள். தன் கைக்கு ஸ்பெஷலிஸ்ட். கூலிக்கு வந்த கைக்கு அழுகல் பூ. எழுதித் தள்ளிய அத்தனை பக்கங்களில் இந்த ஒன்றைக் குறிக்காமல் போனோமே என்று தன் மேலும் எரிச்சல் வந்தது.

“அக்கா, ஆர்க்கிட் கட்டுறேன், மல்லி கட்டுறேன், ரோஜாவும் கட்டுறேன். சாமந்திய இனிமே தொட மாட்டேன்.”

“அப்ப செலண்டார் தோரணத்த யாருடி கட்டுவா?”

“நீங்களே கட்டுங்க. ஒங்களுக்குத்தான் கண்ணு படலையே.”

தனபாலன் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். நிர்மலாதேவியின் கை வீம்பாக ஒரு பூவை நோக்கிப் போனது. பாதி வழியில் நின்றது. பிறகு, போன வேலை முடிந்துவிட்டதைப் போல முந்தானைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. வேறு ஆள் பார்க்கலாம்தான். ஆனால் ஞாயிற்றுக்குள் மணவறை முழுக்க ஆர்க்கிட் கட்டத் தெரிந்த ஆள் பெம்பானில் வேறு யார்?

“வாயப் பாரு இவளுக்கு! டேய் தனபாலா, சாமந்தி நீ கட்டு.”

“எனக்கு முடிச்சே வராது லா அக்கா!”

“கத்துக்க!”

“நாளைக்குக் கிளினிக் போயிட்டு பத்து மணிக்கு வர்றேன்” என்றாள் கலைமகள். நிர்மலாதேவி போனைக் காதில் வைத்துக்கொண்டாள். அது அடிக்கவே இல்லை.

13.6.2024, வியாழன். இடது 34, வலது 4. காரணம் சாமந்தி, அதிகம் சந்தேகமில்லை. நாளை: காலை ஏழரைக்குக் கிளினிக். சாமந்திப் பூ ஒன்று, இலை ஒன்று, தனித்தனி பிளாஸ்டிக் பையில் கொண்டுபோக வேண்டும். தனபாலன் அண்ணனை எடுத்துப் போடச் சொல்ல வேண்டும்.