சவரியம்மாளின் கேக் டப்பா

குப்பை போடுவதற்குக்கூட இப்போது பாடம் நடத்துகிறார்கள். பேப்பர் கப்பில் டீயைக் குடித்துவிட்டுப் பள்ளத்தில் வீசுகிறவன் பெரிய மனுசன். அவன் பிள்ளைக்கு மட்டும் பள்ளிக்கூடத்தில் மூன்று வாளி வைத்து, இது மக்கும், இது மக்காது என்று சொல்லிக்கொடுக்க ஒரு டீச்சர். கிழவர் உபகாரத்துக்கு இந்தக் கூத்து பிடிக்கவேயில்லை. அவர் சிறுவயதில் பள்ளங்கி மலைக்கிராமத்தில் குப்பைத்தொட்டி என்று ஒன்றை யாரும் பார்த்தது கிடையாது. காய்த்தோல் மாட்டுக்கு, சாம்பல் பூண்டுப் பாத்திக்கு, பாட்டில் மண்ணெண்ணெய்க்கு. தொட்டியில் போட மிச்சம் எங்கே இருந்தது?

பேத்தி ஃபெமினா மூன்றாம் வகுப்பு. குப்பைப் பாடம் தொடங்கியதிலிருந்து வீட்டில் அவள் ராஜ்யம்தான். முட்டை ஓடு தனி, ஷாம்பு பாக்கெட் தனி என்று அம்மாவை அதட்டுவாள். தாத்தாவையும் விடுவதில்லை.

"தாத்தா, அது பச்சை வாளி இல்ல, நீல வாளி."

"போ பிள்ள. எல்லாத்தையும் ஒரே வண்டிதான அள்ளிட்டுப் போகுது?"

"இல்ல தாத்தா, வண்டிக்குள்ளயும் பிரிச்சு வச்சிருக்காங்க. மிஸ் காட்டுனாங்க."

"கண்ணால பாத்தாத்தான் நம்புவேன்."

அன்று காலை விறகெடுக்கப் போனவர் திகைத்து நின்றுவிட்டார். விறகு அடுக்குக்குப் பின்னால் இருந்த, மனைவி சவரியம்மாளின் கேக் டப்பாவைக் காணோம்.

"ஏம்மா, இங்கன இருந்த டப்பா எங்க?"

"பாப்பா ஸ்கூலுக்குக் கொண்டு போயிட்டா மாமா," என்றாள் மருமகள் அடுப்படியிலிருந்து. "ஒரு வருசமா யாரும் தொடாத சாமான் எதுனாலும் கொண்டாரச் சொன்னாங்களாம்."

"ஒரு வார்த்தை கேக்க மாட்டீகளா?"

"தகர டப்பாதான மாமா. கரி புடிச்சுக் கெடந்துச்சு."

அவர் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டார். மப்ளரைச் சுற்றிக்கொண்டு இறக்கத்தில் வெரசாக நடந்தார். டப்பாவை நசுக்கி, பழைய இரும்புக்காரனிடம் தள்ளிவிட்டால் என்ன செய்வது?

கரி பிடித்ததாம். கரி பிடிக்காமல் கேக் எப்படி வேகும்? சவரியம்மாள் மிஷன் பங்களாவில் சமையலுக்கு நின்ற காலத்தில் பங்களாக்காரம்மா கொடுத்த பிஸ்கட் டப்பா அது. மூடியில் குடை பிடித்த வெள்ளைக்காரச்சி ஒருத்தி இருந்தாள். சூட்டில் அவள் முகம் போய், குடை மட்டும் மிஞ்சியது. கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் பெரிய சட்டியில் மணலைப் பரப்பி, டப்பாவை அதற்குள் இறக்கி, மூடிமேல் சீகை மர விறகின் கங்குகளை அள்ளி வைப்பாள் சவரியம்மாள். வேகும்வரை யாரும் கதவைத் திறக்கக் கூடாது. காற்றுப் பட்டால் கேக் அமுங்கிவிடுமாம். வெளியே புல்லெல்லாம் பனி உறைந்து வெள்ளையாகக் கிடக்கும். உள்ளே அவரும் மகனும் அடுப்பை ஒட்டி உட்கார்ந்திருப்பார்கள். திராட்சையும் கிராம்பும் சேர்ந்து வேகிற வாசம் கூரை வழியாகத் தெருவுக்குப் போகும். மாலை போட்டு விரதமிருக்கும் பக்கத்து வீட்டுச் சேனாதிபதி ஜன்னலோரம் வந்து நின்றுகொள்வார்.

"முட்டை போட்டதத் தின்னாத்தான பாவம், மோந்தா என்ன மைனி?" என்பார். சவரியம்மாள் கரண்டியை ஓங்குவாள்.

பள்ளிக்கூட முற்றத்தில் பிள்ளைகள் வட்டமாக நின்றார்கள். நடுவில் இசபெல்லா டீச்சர், சின்ன வயசுப் பெண், டப்பாவைக் கவிழ்த்து அதன் அடியில் ஆணியை வைத்துச் சுத்தியலை ஓங்கியிருந்தாள்.

"அடிக்காதீக டீச்சர்!"

அடி விழுந்துவிட்டது. பிள்ளைகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என் தாத்தா மிஸ்," என்றாள் ஃபெமினா.

"ஜெரேனியம் செடி வைக்கப் போறோம்யா," என்றாள் டீச்சர். "வேஸ்ட்டுன்னு தூக்கிப் போடாமத் திரும்பப் பயன்படுத்தணும்ல? தண்ணி வடியத்தான் ஓட்டை போட்டேன்."

"வேஸ்ட்டா? அது எம் பொஞ்சாதி கேக் சுட்ட டப்பா. குடுங்க."

டீச்சர் முகம் வாடிப்போனது. "மன்னிச்சுக்கங்கய்யா. ஒரு வருசமாத் தொடாததுன்னு சொல்லித்தான்..."

"வருசத்துக்கு ஒருக்காத்தான் தொடுவோம். அப்படிப் பாத்தா உங்க கோயில் கிறிஸ்மஸ் குடில் பொம்மையெல்லாம் குப்பையா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சருக்கும் சிரிப்பு வந்தது. ஃபெமினா மட்டும் சிரிக்கவில்லை.

"போன கிறிஸ்மஸுக்கும் தொடலையே தாத்தா. அதுக்கு முந்துன கிறிஸ்மஸுக்கும் தொடல. அப்பத்தா செத்ததுல இருந்து அது அங்கனயேதான் கெடக்கு."

பிள்ளை சொன்னது பொய்யில்லை. அடக்கம் முடிந்து வந்த அன்றைக்கே, கண்ணில் படக்கூடாதென்று டப்பாவை விறகுக்குப் பின்னால் தள்ளியது உபகாரம்தான்.

டீச்சர் டப்பாவை இரண்டு கையாலும் நீட்டினாள். "எடுத்துட்டுப் போங்கய்யா. ஆனா ஒண்ணு. திரும்ப விறகுக்குப் பின்னாலயே போட்டு வச்சீங்கன்னா பாப்பா சொல்றதுதான் சரி. ஒரு பொருளைப் புழங்கணும். இல்லேன்னா அது வேஸ்ட்டுதான்."

"நாங்கூடத்தான் சும்மா கெடக்கேன். என்னைய எந்த வாளியில போடுவீக?"

"மக்குற வாளி!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

முற்றமே சிரிப்பில் அதிர்ந்தது. டீச்சர் பதறிப்போய் அதட்டினாள். உபகாரத்துக்கும் உதட்டோரம் துடித்தது. மீசையைத் தடவி அதை மறைத்துக்கொண்டு டப்பாவோடு திரும்பினார்.

கேட்டருகே நின்று டப்பாவை வானத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். அடியில் ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. பெருவிரலால் அதை மூடினார். அடியில் தாளைப் போட்டு மாவை ஊற்றினால் ஒழுகாது. சவரியம்மாளாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பாள்.

"தாத்தா! இந்த வருசம் யாரு சுடுவா?" என்று ஃபெமினா பின்னாலிருந்து கத்தினாள்.

"போயி உன் சோலியப் பாரு!"

தொடாமல் இருந்தால் குப்பையாம். அந்தக் கணக்கு அவருக்கு ஒப்பவில்லை. மனுசன் எத்தனையோ காரணத்துக்காக ஒன்றைத் தொடாமல் வைத்திருப்பான்; அதெல்லாம் வாளிக்குத் தெரியுமா? கேட்டோரம் பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று வாளிகள் நின்றன.

"எல்லாம் ஒரே வண்டிதான்," என்று முணுமுணுத்துவிட்டு, டப்பாவை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஏற்றத்தில் நடந்தார் உபகாரம்.