ஐந்தரை இறாத்தல் துவக்கு

இரத்தினவேலின் கைக்குப் பொய் சொல்லத் தெரியாது. வாய்க்குத் தெரியும், அதை அன்புராசா பழக்கியிருந்தான்.

அகதியாக வந்திறங்கிய மோர்னிங்சைட்டில் ஒரு நிலக்கீழ் அறையில் இருவரும் ஒன்றாக இருந்தார்கள். இரண்டு பேருக்கு அகதிக் கேஸ் எழுதிக் கொடுத்து வென்றதிலிருந்து அன்புராசாவுக்குத் தான் ஒரு அப்புக்காத்து, பெரிய வக்கீல் என்ற நினைப்பு.

"நீ கடைச்சல் பட்டறைக்காரன். துவக்கைத் தொட்டதே இல்லை. இயக்கம் உன்னைப் பிடிச்சுக்கொண்டுபோய் எட்டு மாதம் துவக்குத் திருத்த வைச்சதைச் சொன்னியோ, உன்னையும் இயக்கமெண்டு திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்."

துப்பாக்கி திருத்த முதலில் இரத்தினவேல் மறுத்ததற்காக, இயக்கக்காரர் அவன் கண்முன்னாலேயே தம்பியை அடித்துக் காலை முறித்திருந்தார்கள். அதையும் அன்புராசா கேஸிலிருந்து சேர்த்து வெட்டிவிட்டான். துவக்கைத் தொட்டதே இல்லை என்ற சத்தியக் கடதாசியில் இரத்தினவேல் கையெழுத்து வைத்தான். மனைவி யோகமலரும் நான்கு வயது மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறைக்குள், பொலிஸ் எப்போது கதவைத் தட்டுமோ என்று கிடந்தார்கள். கேஸ் வென்றால்தான் அவர்களைக் கூப்பிடலாம்.

அப்படிப்பட்டவனுக்கு விதி வேலை கொடுத்த இடத்தைப் பாருங்கள். கடைச்சல் வேலை, லேத் வேலை என்றுதான் போனான். முதலாளி மிக்லோஸ், ஐம்பத்தாறாம் ஆண்டு ஹங்கேரியிலிருந்து ஓடிவந்த கிழவர். இயந்திரப் பாகங்களும் செய்வார், வேட்டைக்காரருக்குத் துவக்கும் செய்வார். லேத்தோடு நின்றுகொள்வோம் என்று இரத்தினவேல் ஒதுங்கித்தான் இருந்தான், அந்தத் துவக்கு வரும்வரை.

தொண்ணூற்று நான்காம் ஆண்டு இலையுதிர் காலம். இருதயச் சத்திரசிகிச்சை செய்துகொண்டதால் பாரம் தூக்கக்கூடாத ஒரு வேட்டைக்காரர், மலையில் ஆடு சுட ஐந்தரை இறாத்தலுக்கு, அதாவது இரண்டரைக் கிலோவுக்கு, மேற்படாத துவக்கொன்று கேட்டிருந்தார். மிக்லோஸ் ஒவ்வொரு பாகமாகச் சமையலறைத் தராசில் வைத்து நிறுத்தார். குழல், தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட், தோளில் முட்டுக் கொடுக்கும் சோங்கு, தொலைநோக்கியைப் பிடிக்கும் வளையம், திருகாணி வரை. பூட்டிப் பார்த்தால் மூன்று அவுன்ஸ் கூட. குழலை இன்னும் மெலிதாகச் சீவலாம் என்றார்.

இரத்தினவேலுக்குப் பொறுக்கவில்லை. நல்ல சாமானைப் பழுதாக்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவனால் ஒருநாளும் முடிந்ததில்லை. துவக்கை வாங்கினான். கண்ணை மூடிக்கொண்டு போல்ட்டை இழுத்துத் தள்ளினான், விசையை விரலால் தடவி மெல்ல அழுத்தினான்.

"குழலைத் தொடாதேங்கோ, அதுதான் இதிலை திறம். மெலிஞ்சால் சூட்டுக்கு வளையும். வளையத்தை அலுமினியத்துக்கு மாத்துங்கோ, சோங்குக்குள்ளை குடையுங்கோ. விசையிலை ஒரு கரகரப்பு இருக்கு, அதைத் தீட்டவேணும். ஒண்டு சொல்லுறன், பாரம் குறையக் குறைய, சுடேக்கை தோளிலை உதை கூடும். அந்தாளிட்டைச் சொல்லிப்போடுங்கோ."

அரைகுறை ஆங்கிலத்தில் இதைச் சொல்லி முடித்த பிறகுதான் கண்ணைத் திறந்தான். கிழவர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கே பழகினாய்?"

"கடைச்சல் பட்டறையிலை."

கிழவர் சிரித்துவிட்டு மேலே கேட்கவில்லை. அவன் சொன்னபடியே செய்தார்கள். தராசு முள் சரியாக ஐந்தரையில் நின்றது.

அகதி விசாரணைக்கு ஒரு கிழமை, ஏழே நாள், இருக்கையில், கோயிலிலும் வேலையிடத்திலும் கடிதம் எடு என்றான் அன்புராசா. நல்ல பிள்ளை என்று நாலு கடிதம் இல்லாமல் நம்மவர் எவரும் விசாரணைக்குப் போவதில்லை. "நல்ல லேத் வேலைக்காரன் எண்டு எழுதினால் காணும்" என்று இரத்தினவேல் மிக்லோஸிடம் கேட்டான். தானும் அகதியாக வந்தவர் அல்லவா, கிழவர் ஒரு பக்கம் நிறைய எழுதி உறையில் போட்டு ஒட்டிக் கையில் கொடுத்துத் தோளைத் தட்டினார்.

இரத்தினவேல் அதை உடைக்கவில்லை. ஊரில் தலைமை வாத்தியார் ஒட்டித் தரும் கடிதத்துக்குத்தான் பெறுமதி, உடைத்தால் அது செல்லாக் காசு. விசாரணைக்குக் கூட வந்த லோயருக்கும் காட்டாமல், விசாரணை மேசையில் ஒட்டியபடியே வைத்தான்.

அதிகாரி உடைத்து வாசித்தார். மொழிபெயர்க்க வந்த சந்திரவதனா அவர் கேட்டதைத் தமிழில் சொன்னாள்.

"'நான் பழக்கின கையில்லை இது, நாட்டிலேயே பழகி வந்த கை. கண்ணை மூடிக்கொண்டே துவக்கின்ரை பிழையைப் பிடிச்சிடும். இப்பிடி ஒருத்தனை இந்த நாடு விடக்கூடாது' எண்டு உங்கடை முதலாளி எழுதியிருக்கிறார். துவக்கைத் தொட்டதே இல்லையெண்டு நீங்கள் சத்தியக் கடதாசி தந்திருக்கிறியள். எது உண்மை?"

எல்லாவற்றையும் சொன்னான். எட்டு மாதத்தையும் தம்பியின் காலையும் அழுதழுது சொன்னான். அதிகாரி குறித்துக்கொண்டார், ஆனால் நிமிர்ந்து பார்க்கவில்லை. வெளியே வந்ததும் லோயர் சொன்னார்: இதை முதல் நாளே சொல்லியிருந்தால் இதுவே நீ வெல்லும் கேஸ், இப்போது இது இரண்டாவது கதை, யாரும் நம்பமாட்டார்கள்.

ஆறு கிழமையில் மறுப்புக் கடிதம் வந்தது. அதைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனான். யோகமலருக்குச் சொல்ல லொட்ஜுக்கு இன்னும் ரெலிபோன் எடுக்கவில்லை. வேட்டைக்காரர் மலையால் திரும்பி வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனதாக மிக்லோஸ் சொன்னார். தோள் கன்றிப்போனதாம், ஆனாலும் சந்தோசமாம்.

"என் கடிதம் உதவியதா?" என்று கிழவர் ஆவலோடு கேட்டார். அவர் செய்தது முழுக்க நன்மை என்றுதான் அவருக்குத் தெரியும்.

"ஓம், நல்லா உதவிச்சுது" என்றான் இரத்தினவேல்.

பிறகு லேத்துக்குப் போய் நின்றான். மத்தியானம்வரை அந்தக் கையால் ஒரு திருகாணியைக்கூடப் பூட்ட முடியவில்லை.