நொண்டாத கோழிகள்

ஆறு வாரமாக டாக்டரம்மா அந்தக் கோழிப்பண்ணைக்கு நடையாய் நடந்தாகிவிட்டது. கறிக்கோழிகளுக்கு எடை ஏற ஏறக் கால் எப்படித் தளர்கிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. கோழியை நடக்கவிட்டு மதிப்பெண் போடவேண்டும். ஒழுங்காக நடந்தால் பூஜ்யம், எழவே முடியாவிட்டால் ஐந்து.

இங்கே எல்லாமே பூஜ்யம், மிஞ்சிப்போனால் ஒன்று. வேறு எந்தப் பண்ணையிலும் காணாத அதிசயம். தீவனமா, தரையில் பரப்பிய மரத்தூளா என்று மண்டையை உடைத்துக்கொண்டதில் தூக்கம் போனதுதான் மிச்சம்.

கடைசி நாள், கை கழுவத் தண்ணீர் தேடிக் கொட்டகைக்குப் பின்னால் போனார். அங்கே ஒரு தட்டி மறைவில் ஐம்பது அறுபது கோழிகள் உட்கார்ந்தபடியே அவரை நிமிர்ந்து பார்த்தன. ஒன்றுகூட எழவில்லை.

"இதெல்லாம் என்னங்க?"

"நொண்டிக் கோழிங்க டாக்டரம்மா," என்றார் பண்ணைக்காரர். "நீங்க வர்ற அன்னிக்குக் காலையிலயே பொறுக்கி இங்க விட்டுடுவேன். நடக்கறதப் பாக்கத்தானே வர்றீங்க? நடக்காததுங்க குறுக்க உக்காந்துக்கிட்டு உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு?"

ஆறு வார உழைப்பு மண்ணாய்ப் போனது. கோபப்படக்கூட டாக்டரம்மாவுக்குத் தெம்பில்லை. திரும்பி நடந்தார்.

"நில்லுங்கம்மா." பண்ணைக்காரர் ஓடிப்போய் ஒரு நாற்காலி கொண்டுவந்து அங்கேயே போட்டார். "போன வாரத்துலேருந்து வலது கால இழுத்து இழுத்து நடக்கறீங்க. உக்காருங்க."

எழாத கோழிகளுக்கு நடுவில் டாக்டரம்மாவும் உட்கார்ந்தார்.