கை காட்டிய பக்கம்

துக்கம் கேட்க யார் வந்தாலும் அம்மா ஒரே கதையைத்தான் சொன்னாள். "கையை நீட்டி நீட்டிக் காட்டினேன். என்னைப் பார்த்தான். பார்த்துட்டு அங்கேயே போய் விழுந்தான். பெத்தவ பேச்சுக்கு அவ்வளவுதான் மரியாதை." சொல்லிவிட்டுத் தையல் மிஷினை மிதிக்கத் தொடங்கிவிடுவாள். வந்தவர்கள் துணிமூட்டைகளுக்கு நடுவே கிடைத்த இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போவார்கள்.

உள்ளறையில் இருந்த மகள் ஒவ்வொரு முறையும் அதைக் கேட்டாள். நடந்தது என்னவென்று அவளுக்குத் தெரியும். தம்பி அம்மாவின் பேச்சைத் தட்டவில்லை. அம்மாவின் கை காட்டிய பக்கம்தான் போனான். அதனால்தான் செத்தான்.

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

அது அணைக்கட்டின் சொல்லுக்குக் கட்டுப்பட்ட ஆறு. வாரத்தில் பல நாள் சொட்டு ஓடாது. பாறைகள் பல்லைக் காட்டிக்கொண்டு கிடக்கும். மின்சாரம் எடுக்க மதகைத் திறக்கும் நாளில் சங்கு ஊதும். ஊதிச் சற்றைக்கெல்லாம் தண்ணீர் நுரை தள்ளிக்கொண்டு, பாறைக்குப் பாறை தாவிக்கொண்டு வரும். அந்தத் தண்ணீரில் படகு விடுவதுதான் அக்காளுக்கும் தம்பிக்கும் தொழில். வெளியூர்க்காரர்களை ரப்பர் படகில் ஏற்றி, நனைத்து, கத்தவிட்டு, பத்திரமாகக் கீழே இறக்கிவிடுவார்கள். தம்பி ஒற்றை ஆள் படகில் முன்னால் போய் வழி பார்ப்பான். தரையில் காலை அகட்டி அகட்டி நடப்பதால் அவனுக்கு வாத்து என்று பேர். தண்ணீரில் இறங்கிவிட்டானென்றால் அந்தப் பேரை வைத்தவர்களே வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள்.

அம்மாவுக்கு இந்தத் தொழில் கொஞ்சமும் பிடிக்காது. மதகுக்காரன் தூங்கிப்போனால் இவர்கள் வீட்டில் உலை ஏறாது, இதெல்லாம் ஒரு பிழைப்பா என்பாள். ஒரு நாள் வந்து பார், அப்புறம் நீயே துடுப்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாய் என்று வாத்து சிரிப்பான். பள்ளிச் சீருடை தைக்கிற நெருக்கடி, முழங்கால் வலி என்று வருஷக்கணக்கில் தட்டிக் கழித்தவள், ஒரு நாள் தானாகவே வருகிறேன் என்றாள். அன்று காலை அவன் கண்ணாடி முன்னால் நின்று தலையைச் சீவுவதும் கலைப்பதுமாக இருந்தான். ஹெல்மெட்டுக்குள் போகிற தலைக்கு இவ்வளவு அலங்காரமா என்று அக்காள் கேலி செய்தாள்.

ஆற்றில் ஓர் இடத்தில் பெரிய இறக்கம். இடப்பக்கம் தண்ணீர் வழுவழுவென்று நாக்கை நீட்டினாற்போல இறங்கிப் போய்விடும். வலப்பக்கம் இருப்பதற்கு உரல் என்று பேர். அங்கே விழுகிற தண்ணீர் வெளியே போகாமல் திரும்பத் திரும்பத் தன்னையே இடித்துக்கொண்டிருக்கும். உள்ளே போனது லேசில் வெளியே வராது. ஆனால் மதகைக் கூடுதலாகத் திறக்கும் நாட்களில் சில சமயம் உரல் முழுசாக மூழ்கி, வலப்பக்கமே நல்ல வழியாகிவிடும். படகில் இருப்பவனுக்கு விளிம்புக்கு அப்பால் எதுவும் தெரியாது. அதனால் கரைப் பாறையில் ஒருவர் நின்று, பார்த்து, கை காட்ட வேண்டும்.

அந்தக் கை காட்டுவதில் ஒரு முறை இருக்கிறது. ஆபத்து எங்கே என்று காட்டக் கூடாது. போக வேண்டிய பக்கத்தைத்தான் காட்ட வேண்டும். அந்த இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது; நீட்டிய கைக்கு அங்கே ஒரே அர்த்தம், இந்தப் பக்கம் வா என்பது. படகுக்காரர்கள் முதல் நாளே படிக்கிற பாடம் இது. நாமெல்லாம் பிள்ளைக்கு அடுப்பைக் காட்டி, அங்கே போகாதே என்று சொல்லி வளர்த்தவர்கள். நமக்கு இது தலைகீழ்.

அன்றைக்குத் தண்ணீர் கூடுதல். கை காட்டுவது அக்காளின் வேலை. பாறையில் யார் நின்றாலும் மிதவை ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் போட்டுத்தான் நிற்க வேண்டும். அம்மாவோ முழங்காலைப் பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டே பாறைமேல் ஏறி வந்துவிட்டாள். அக்காள் தன்னுடைய மஞ்சள் ஜாக்கெட்டைக் கழற்றி அவளுக்கு மாட்டி, தன் ஹெல்மெட்டையும் கவிழ்த்து வாரை இழுத்துக் கட்டினாள். பூசணிக்காய்க்குச் சட்டை போட்ட மாதிரி இருக்கிறது என்று அம்மா தன்னைத்தானே குனிந்து பார்த்துச் சிரித்தாள்.

"இங்கேயே நில்லும்மா. வண்டியில இன்னொண்ணு கெடக்கு, எடுத்துட்டு ஓடி வந்துடறேன்."

வளைவுக்கு மேலே தம்பி இன்னும் வெளியூர்க்காரர்களுக்குத் துடுப்புப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பான் என்று நினைத்து ஓடினாள். அவன் அதற்குள் முடித்துவிட்டிருந்தான்.

ஜாக்கெட்டும் கையுமாக, படகுகளை ஏற்றி வரும் வண்டிக்காரரோடு மேட்டுப் பாதையில் திரும்பி வரும்போது மரங்களுக்கு இடையே அதைப் பார்த்தாள். வாத்து விளிம்புக்குச் சற்று மேலே, துடுப்பால் தண்ணீரை எதிர்த்துத் தள்ளித் தன்னை நிறுத்திக்கொண்டு, கரைப் பாறையை அண்ணாந்து பார்க்கிறான். அக்காள் நிற்கும் இடம், அக்காளின் மஞ்சள் ஜாக்கெட், அக்காளின் ஹெல்மெட். சாரலில் முகம் தெரிய வழியில்லை. அம்மா உரலைக் கண்டு பதறிப்போய், அதோ அதோ என்று வலப்பக்கம் கையை முழுசாக நீட்டி அதைக் காட்டுகிறாள். அவன் ஒரு கையை உயர்த்தி, புரிந்தது என்பதுபோல ஆட்டினான். படகை வலப்பக்கம் திருப்பினான்.

அக்காள் போட்ட கூச்சல் அவள் காதுக்கே எட்டவில்லை.

மதகை மூடச் சொல்லி அணைக்குப் பேசினார்கள். தண்ணீர் வடிந்து ஆறு மறுபடியும் வெறும் கல்லானபோது, அவன் உரலின் அடியில், எல்லோருக்கும் தெரியும்படி, தூங்குகிறவன் மாதிரி ஒருக்களித்துக் கிடந்தான். நடந்தே போய்த் தூக்கி வந்தார்கள்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் வண்டிக்காரர் கேட்டார்.

"அம்மாகிட்ட சொல்லப் போறியா?"

"எப்படிண்ணே சொல்றது?"

"அப்ப சொல்லாத. நானும் எதையும் பார்க்கல."

சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் அவளும் நினைத்தாள். ஆனால் அம்மா அழவில்லை. செத்தவனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அவனுடைய சட்டைகளை மூட்டை கட்டிப் பழந்துணிக்காரனிடம் தூக்கிக் கொடுத்தாள். படத்தைச் சட்டம் போட்டு எடுத்துவந்தபோது, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்றுவிட்டாள். பக்கத்து வீட்டு அத்தை ஒரு நாள், பாவம் அந்தப் பிள்ளை என்று கண்ணைத் துடைத்தபோது, பாவமாவது ஒன்றாவது, திமிர் என்றாள்.

"கடைசியா என்னைப் பார்த்த கண்ணுடி அது," என்றாள் ஒரு நாள் சோற்றை அளைந்துகொண்டே. "பார்த்துட்டுக் கையை வேற ஆட்டினான். உன் வேலையைப் பார்த்துட்டுப் போங்கற மாதிரி."

மகளுக்கு உண்மை வாய் வரை வந்துவிட்டது. அது அந்த அர்த்தமில்லை என்று சொன்னால் மகன் திரும்பக் கிடைப்பான். அடுத்த நொடியே அவனைக் கொன்றது யார் என்பதும் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு இந்த அம்மா எதைத் தைப்பாள், எந்தக் கையால் சாப்பிடுவாள்? சோற்றோடு சேர்த்து அதையும் விழுங்கினாள்.

கொஞ்ச நாள் கழித்து அம்மா, என்னை அங்கே கூட்டிக்கொண்டு போ, அந்த இடத்தை நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். வண்டிக்காரர் கொண்டுபோய் இறக்கினார். தண்ணீர் விட்டிருந்த நாள். வேறு குழுவைச் சேர்ந்தவர்கள் அந்த இறக்கத்தில் பழகிக்கொண்டிருந்தார்கள். கரைப் பாறையில் ஒரு பெண் நின்று இடப்பக்கம் கையை நீட்டினாள். படகு இடப்பக்கம் இறங்கியது. அடுத்த படகு வந்தது. அவள் மறுபடியும் கையை நீட்டினாள். அதுவும் அந்தப் பக்கமே இறங்கியது.

நாலு வார்த்தை கேட்க வந்தவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏண்டி, அந்தப் பொண்ணு எதுக்கு ஒண்ணுமில்லாத பக்கம் கையைக் காட்டுது? ஆபத்து இந்தப் பக்கம்தானே இருக்கு?"

மகள் வண்டிக்காரரைப் பார்த்தாள்.

"உங்க பாஷையில கையை நீட்டினா என்ன அர்த்தம்?"

கேட்டுக்கொண்டே அம்மா தன் வலது கையை மெதுவாகத் தூக்கி, அது வேறு யாருடையதோ என்பதுபோல் பார்த்தாள். இனி ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் இருக்கிறது என்று மகளுக்குத் தெரிந்துபோயிற்று.

"இந்தப் பக்கம் வான்னு அர்த்தம்மா. ஆனா நீ காட்டினத அவன் பார்க்கவே இல்ல. நான் உனக்குப் பின்னால மேட்டுக்கு வந்துட்டேன். நான்தான் வலது பக்கம் காட்டினேன். தண்ணி ஜாஸ்தி, உரல் மூழ்கியிருக்கும்னு தப்பா நெனச்சுட்டேன். என்னைப் பார்த்துத்தான் கையை ஆட்டினான்."

அம்மா வண்டிக்காரர் பக்கம் திரும்பினாள். அவர் செருப்பால் மண்ணைக் கிளறிக்கொண்டே, ஆமாங்கம்மா என்றார்.

"அப்ப அவன் என்னை மதிக்காமப் போகல."

"இல்லம்மா. கை காட்டினபடிதான் போனான்."

அந்தக் கடைசி வாக்கியத்தில் பொய் ஒன்றுமில்லை. அக்காள் காட்டுகிறாள் என்று நம்பித்தானே அவன் போனான்.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அத்தனை நாளும் வாயில் வராத மகனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, வாத்து வாத்து என்று தலையிலும் மார்பிலும் அடித்துக்கொண்டு அழுதாள். ஆற்றின் இரைச்சலையும் மீறிக் கேட்டது அது. மகள் குனிந்து தோளைத் தொட்டாள்.

"தொடாத."

இரைந்துகூடச் சொல்லவில்லை. தையலுக்கு வந்த துணியில் ஒட்டிய நூலைத் தட்டிவிடுவது போல அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

வீட்டை விட்டுப் போ என்று அம்மா சொல்லவில்லை. அன்றைக்குச் சாப்பிட ஒரு தட்டு மட்டும் எடுத்து வைத்தாள். மறுநாளும் ஒன்றுதான். தம்பி படத்துக்குச் சுவரில் ஆணி அடித்தாள்; நாற்காலியைப் பிடித்துக்கொள்ளக்கூட மகளைக் கூப்பிடவில்லை. மகள் தன் துணிமணிகளை எடுத்துக்கொண்டு, படகுகள் அடுக்கியிருக்கும் கொட்டகையை ஒட்டிய சின்ன அறைக்குப் போய்விட்டாள்.

அங்கிருந்து பக்கத்து வீட்டு அத்தைக்கு ஃபோன் போடுவாள். அம்மா சாப்பிட்டாளா, முழங்கால் எப்படி இருக்கிறது என்று விசாரிப்பாள். அத்தையும் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒன்றுவிடாமல் சொல்வாள்.

"இன்னிக்கு உங்கம்மா சிரிச்சாங்கடி," என்றாள் ஒரு நாள். "அவன் சின்னப் புள்ளையா இருந்தப்ப மாடியில காலித் தண்ணித்தொட்டிக்குள்ள எறங்கி உட்கார்ந்துக்கிட்டானாமே. தெருவே தேடுச்சாம். கண்டுபிடிச்சுக் கேட்டா, உள்ள பாடினா நல்லாருக்குன்னானாம்."

"ஆமா அத்தை. நான்தான் கண்டுபிடிச்சேன். ஏணியில ஏறி எட்டிப் பார்த்தேன்."

அத்தை குரலை இன்னும் தாழ்த்தினாள்.

"யாரோ கண்டுபிடிச்சாங்கன்னு சொன்னாங்கம்மா."

இவள் ஃபோனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"சரி அத்தை. வேற என்ன சொன்னாங்க, அவனைப் பத்தி? சொல்லுங்க."