மூன்று மாத ஊசி

இக்னாஸ் கையை ஓங்கியதும் ரோசாலி மூக்குக்கண்ணாடியைத்தான் முதலில் கழற்றினாள். நாற்பது வருடப் பழக்கம். கன்னம் கிழிந்தால் தானே ஆறிவிடும், கண்ணாடி உடைந்தால் ஆறுமா? அறை விழுந்த வேகத்தில் தலை அடுப்பு மேடையில் மோதியது. வாயெல்லாம் ரத்தம். கட்டிலுக்கடியில் கிடந்த காலி ஊசிமருந்துக் குப்பிகளைக் காட்டி, "ஏங்க, இது என்னா மருந்து?" என்று கேட்டதுதான் அவள் செய்த குற்றம்.

"ஆம்பளைக்கி ஆம்பள மருந்துதான்டி! இன்னிக்கி டாக்டர்ட்ட வாயத் தொறந்தே, கொன்னு ஆத்துல வீசிருவேன்!" மயிரைச் சுற்றிப் பிடித்து உலுக்கினான். ஒரு கொத்து அவன் விரலோடு போனது.

எழுபத்தைந்தில் வியட்நாம் போர் முடிந்தபின் காரைக்கால் சொந்தமெல்லாம் பாரிசுக்குப் போய்விட, இவனை நம்பிச் சைகோனிலேயே நின்றவள் அவள். கான் ஹொய் துறைமுகக் கிடங்குகளில் மூட்டை தூக்கிய இக்னாசின் உடம்பில் போன வருடம் புராஸ்டேட் புற்றுநோய் வந்தது. டாக்டர் காகிதத்தில் வட்டம் போட்டு விளக்கினார். ஆண் ஹார்மோன் செல்லுக்குள் போய், அங்கே காத்திருக்கும் புரதம் ஒன்றோடு சேர்ந்து, உட்கருவில் தூங்கும் மரபணுக்களைத் தட்டி எழுப்புகிறதாம். அவை எழுந்தால் செல் பெருகும், கட்டி வளரும். ஹார்மோனை நிறுத்தினால் அடங்கும். அதற்குத்தான் மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி.

ஊசி ஏறியபின் இக்னாஸ் கை ஓங்கவில்லை. குப்பென்று வேர்த்தான், தொலைக்காட்சி பார்த்து அழுதான், மார்பு லேசாகப் பருத்தது. அவனை மருந்து அடக்கியதா, சாவு பயம் அடக்கியதா என்று ரோசாலி ஆராயவில்லை. மாதாவே, ஐந்து மாதம் நிம்மதியாகத் தூங்கினாள்! அப்புறம் கிடங்குச் சிநேகிதன் எவனோ அந்த மார்பைக் கிள்ளிச் சிரித்திருக்கிறான். மறுநாளே இவன் சீனர் கடைத்தெருவான சோலோனுக்குப் போய் ஆண் ஹார்மோன் வாங்கித் தனக்குத்தானே குத்திக்கொள்ள ஆரம்பித்தான். டாக்டர் பட்டினி போட்ட நோய்க்குத் தன் கையாலேயே சோறு போட்டான், மடையன்.

அறை வாங்கிய அன்று டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். நோயின் அளவு மூன்று மடங்கு ஏறியிருந்தது. "வேற ஏதாவது மருந்து எடுக்குறாரா?" என்று அவளைப் பார்த்து வியட்நாமிய மொழியில் கேட்டார்.

மேசைக்கடியில் இக்னாசின் கை அவள் தொடையைக் கவ்வியது. சொன்னால் பிழைப்பான். சொல்லாவிட்டால் செத்துப்போவான். அவ்வளவுதான் கணக்கு. நாக்கு நுனியால் கிழிந்த உதட்டைத் தடவிப் பார்த்தாள். இன்னும் எரிந்தது.

"ஒண்ணும் இல்ல, டாக்டர்."

வெளியே வந்ததும் இக்னாசுக்குக் கண் கலங்கிவிட்டது. "நீதான்டி பொண்டாட்டி. புருஷனக் காட்டிக் குடுக்கல பாரு" என்று அவள் தோளைத் தட்டினான். அவள் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

சோலோன் மருந்துக்கடை வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தியவனால் இறங்க முடியவில்லை. இடுப்பெலும்பு வலி. "நீயே போயி ஒரு பெட்டி வாங்கியா" என்றான்.

கடைக்காரி கண்ணாடி அலமாரியைத் திறந்து ஒரு பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள். ரோசாலி அவளைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினாள்.