உப்புப் படாத வண்டி

வெண்டைக்காயை எல்லோரும் இரண்டு மூன்று ஒடித்துப் பார்த்து வாங்குவார்கள். கலைவாணன் ஒவ்வொரு காயாக ஒடித்துப் பார்ப்பான். கடைக்காரி வைவாள், அவன் காதில் போட்டுக்கொள்ள மாட்டான். "என்னையக் கட்டுறதுக்கு முன்னாடி எங்க தெருவுல பதினோரு வீட்டுல விசாரிச்ச மனுசன்" என்று அவன் மனைவி தமிழரசி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அப்படிப்பட்டவன் பழைய மோட்டார் சைக்கிள் வாங்கக் கிளம்பினால் என்ன ஆகும்? கோவில்பத்திலிருந்து காரைக்கால் ஆபீசுக்குப் பஸ்ஸில் தொங்கியது போதும் என்று முடிவெடுத்து எட்டு மாதம் ஆகிவிட்டது. பார்த்துக் கழித்த வண்டிகள் மட்டும் பத்தொன்பது.

அவனைக் குறை சொல்லவும் முடியாது. அது 2006, ஆகஸ்டு மாதம். சுனாமியில் கடல் தண்ணீர் குடித்த வண்டிகள் புதுப் பெயிண்ட் அடித்துக்கொண்டு அப்போதும் சந்தைக்கு வந்துகொண்டிருந்தன. வெளியே பளபளக்கும், உள்ளே துரு தின்றுகொண்டிருக்கும். வாங்கியவன் மூன்றாம் மாதம் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுவான்.

காரைக்காலில் பழைய வண்டி வாங்கி விற்கும் சேக் அலாவுதீனின் கொட்டகையில் நின்ற கறுப்பு வண்டி இருபதாவது. கலைவாணன் அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். பேட்டரி மூடியைக் கழற்றினான். உள்ளே இருந்த போல்ட்டை விரலால் தடவி, விரலை நாக்கில் வைத்துப் பார்த்தான்.

"சார், அது ஊறுகா இல்ல" என்றார் அலாவுதீன்.

உப்பு இல்லை. வண்டிச் சட்டத்தில் பொறித்திருந்த சேசிஸ் எண்ணின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தான். எழும்பிவந்த எண்ணை ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டான். சரியாக இருந்தது. சொந்தக்காரர் ஒரே ஒருவர்: ஐயனார், கருக்களாச்சேரி மீனவக் கிராமம். சீட்டில் ஒரு கிழிசல். அதைப் பச்சை நைலான் வலை நூலால் முடிச்சு முடிச்சாகத் தைத்திருந்தார்கள். கடலுக்குப் போகிறவனின் வண்டியில் ஒரு பொட்டுத் துரு இல்லையே என்று அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. பெயர் மாற்றும் படிவத்தை விரித்தான். ஐயனாரின் கையெழுத்து நீல மையில் வெளிறியிருந்தது. தேதி மட்டும் கறுப்பு மையில் பளிச்சென்று இருந்தது: 14.8.2006.

"தேதி இப்பப் போட்டதா பாய்?"

"இந்தத் தொழில்ல அப்படித்தான் சார். விக்கிறவரு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருவாரு. தேதிக்கு எடம் விட்டு வச்சிருப்போம். வாங்குற ஆளு வர்றப்ப போட்டுக்கிறது."

"அப்ப ஐயனாரப் பாத்து ஒரு வார்த்த கேட்டுர்றேன்."

அலாவுதீனின் முகம் மாறியது. ஐம்பது வயது மனிதர். சட்டென்று பத்து வயது கூடினவர்போல ஆனார். "அவரு ஊர்ல இல்ல சார். பேப்பர்ல ஒரு குத்தமும் கெடையாது. நம்பி எடுங்க."

உலகத்தில் யாரை நம்பினாலும் 'நம்பி எடுங்க' என்று சொல்கிறவரைக் கலைவாணன் நம்புவதில்லை. ஓட்டிப் பார்க்கிறேன் என்று சாவியைக் கேட்டான். வழியில் போலீஸ் நிறுத்தினால் காட்ட வேண்டும் என்று பேப்பர்களையும் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். வண்டியை நேராகக் கருக்களாச்சேரிக்கு விட்டான்.

ஊருக்குள் நுழைந்ததும் வலை பிரித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் வண்டியைப் பார்த்துக் கையை நிறுத்தினார்கள். ஐயனார் வீடு எது என்று கேட்டான். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் ஒருவர் கையை மட்டும் நீட்டிக் காட்டினார்.

வீட்டு வாசலில் ஒரு பெண் நெத்திலியைக் காயப்போட்டுக் காக்கை விரட்டிக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். கழுத்தில் தாலி, நெற்றியில் பொட்டு. அதனால் கலைவாணன் தயங்காமல் கேட்டான்.

"ஐயனார் இருக்காருங்களா?"

அவள் அவனைப் பார்க்கவே இல்லை. எழுந்து வந்து சீட்டில் இருந்த பச்சை முடிச்சுகளைத் தொட்டாள். ஒவ்வொன்றாக, எண்ணுவதுபோல.

"இது எங்க இருந்துச்சு?"

"காரைக்கால்ல விலைக்கு இருக்குங்க. வாங்கலாம்னு பாக்குறேன். அதுக்கு முன்னாடி சொந்தக்காரர ஒரு வார்த்த கேட்டுக்கலாம்னு..." என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பேப்பரைக் காட்டிச் சரிபார்த்தே பழகிய அவன் கை தானாகவே படிவத்தை எடுத்து நீட்டிவிட்டது. அந்தக் கையை அவன் பிறகு எத்தனையோ நாள் நொந்துகொண்டான்.

அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். கையெழுத்தைப் பார்த்தாள். தேதியைப் பார்த்தாள்.

"பதினாலு, எட்டு... இந்த மாசமா?" அவள் விரல் தேதியின்மேல் நின்றது. "இந்த மாசம் கையெழுத்துப் போட்டாரா?"

அப்போதுதான் கலைவாணனுக்கு விஷயம் மெல்ல மெல்லத் தெரிந்தது. அவள் பெயர் மலர்க்கொடி. ஐயனார் அவள் புருஷன். சுனாமி அன்று விடியற்காலையில் இந்த வண்டியில் ஏறிப் போனவன் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை, வண்டியும் கிடைக்கவில்லை. இரண்டையும் கடல் கொண்டுபோய்விட்டது என்று ஊரே சொன்னது.

"முந்தின நாளு ராத்திரி சண்டை சார். புள்ளைய வண்டில வச்சிக் கீழ போட்டுட்டாரு, கை ஒடிஞ்சிபோச்சு. வீட்டுல இந்த வண்டி இருக்கணும், இல்ல நான் இருக்கணும்னு சொல்லிட்டேன். விடிகாலையில காப்பித்தண்ணி கூடக் குடிக்காம வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாரு. எனக்கும் கோவம். புள்ளையத் தூக்கிக்கிட்டுக் கோவில்பத்துல எங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டேன். அதனாலதான் நாங்க பொழச்சோம்." படிவத்தை அவள் மார்போடு வைத்துக்கொண்டாள். "ஆபீசருங்க வந்து எறந்துட்டாருன்னு கையெழுத்துக் கேட்டாங்க. நான் போடல. எல்லாரும் என்னையப் பைத்தியம்னாங்க. இப்ப பாருங்க... கோவம் சார் அவருக்கு. இன்னும் அந்தக் கோவம்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்து, கலைந்த தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். இப்போதே வந்து நின்றுவிடப் போகிறவனுக்காகச் சரிசெய்துகொண்டதுபோல இருந்தது. அந்தத் தேதியை யார் போட்டது என்று கலைவாணனுக்குத் தெரியும். ஆனால் கையெழுத்து எப்போது போட்டது என்று தெரியாது. அலைக்கு முன்பா, பின்பா? தெரியாததை எப்படிச் சொல்வது?

"நான் கேட்டுட்டு வர்றேங்க" என்றான். படிவத்தைத் திரும்ப வாங்க அவனுக்கு மனம் வரவில்லை. அவளே தயங்கித் தயங்கிக் கொடுத்தாள்.

கொட்டகைக்குத் திரும்பியதும் வண்டியை நிறுத்திவிட்டு அலாவுதீனுக்கு முன்னால் போய் நின்றான்.

"அந்தம்மா தேதியப் பாத்துட்டாங்க. புருசன் உசுரோட இருக்கான்னு நெனக்கிறாங்க. எப்ப பாய் கையெழுத்து வாங்குனீங்க?"

அலாவுதீன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். பேசத் தொடங்கியபின் நிறுத்தவில்லை.

"அன்னைக்குக் காலையிலதான் சார். ஏழு மணி இருக்கும். கதவத் தட்டுனாரு. வண்டிய இப்பவே வித்துரணும் பாய், வீட்டுக்காரி சொல்லிப்புட்டான்னாரு. சாயங்காலம் வாங்கன்னேன். கேக்கல. கையெழுத்துப் போட்டுக் காச வாங்கிக்கிட்டு, ஓட்டல்ல இட்லிப் பொட்டலம் கட்டிக்கிட்டாரு. கோவத்துல அடுப்புப் பத்த வச்சிருக்க மாட்டா, இதக் கொண்டு போனாத்தான் பேசுவான்னு சிரிச்சாரு. பஸ் வர ஒம்பது மணிக்கு மேல ஆகும். எதுக்கு நிக்கிறீங்க, நான் விட்டுட்டு வர்றேன்னு இதே வண்டில ஏத்திக்கிட்டுப் போயி ஊர்த் திருப்பத்துல எறக்கி விட்டேன். எட்டே முக்கால். டீ குடிச்சிட்டுப் போங்க பாய்னாரு. இன்னொரு நாளைக்குன்னுட்டு வந்துட்டேன். கொஞ்ச நேரத்துலயே அலை வந்துருச்சு." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பஸ்சுக்கு நின்னிருந்தா அவரு பொழச்சிருப்பாரு சார். அவசரப்பட்டுக் கொண்டு போயி விட்டது நான்தான். என்ன சொல்லி அந்தப் பொண்ணு முன்னாடி நிக்கிறது? ஒன்றரை வருசத்துக்கு மேல வண்டிய உள்ள பூட்டியே வச்சிருந்தேன். அல்லாவுக்குத்தான் தெரியும்."

கலைவாணனுக்குக் கோபம் வந்தது; வந்த வேகத்தில் போகவும் செய்தது. நல்லது செய்யப் போய் இப்படிச் சிக்கிக்கொண்ட மனிதரை என்னவென்று திட்டுவது?

"வாங்க பாய். போயிச் சொல்லிருவோம்."

"என்னால முடியாது சார்."

"அந்தம்மா வாசலப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. இது இன்னைக்குத் தெரிஞ்சாகணும்."

இருவரும் அந்த வண்டியிலேயே போனார்கள். ஊர்த் திருப்பம் வந்ததும் பின்னால் உட்கார்ந்திருந்த அலாவுதீன், "இங்கதான்" என்றார். கலைவாணன் வேகத்தைக் குறைத்தான்.

மலர்க்கொடி புடவை மாற்றியிருந்தாள். இரண்டு பேராக வருவதைப் பார்த்து ஓடிவந்தவள், பின்னால் இருப்பது தன் புருஷன் இல்லை என்று தெரிந்ததும் நின்றுவிட்டாள். அலாவுதீன் வண்டியைவிட்டு இறங்கி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, தலை நிமிராமல் எல்லாவற்றையும் சொன்னார். விற்றது, இட்லி, பஸ், டீ என்று ஒன்றையும் விடவில்லை. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். முடித்தபின் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எறங்கி எந்தப் பக்கம் போனாரு? கரைக்கா, வீட்டுக்கா?"

"வீட்டுக்குத்தாம்மா. நான் வண்டியத் திருப்புற வரைக்கும் பாத்தேன்."

அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். "நான் இல்லியே" என்றாள். "பொட்டலத்த எடுத்துக்கிட்டு வந்திருக்காரு. நான் எட்டரைக்கே போயிட்டனே. கோவத்துல போயிட்டாரு, கோவத்துலயே போயிட்டாருன்னு இத்தன நாளு... நான் சொன்னதக் கேட்டு வித்துட்டுல்ல வந்திருக்காரு."

அவள் அழுதாள். இருபது மாதமாக அழாததை அழுதாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து நின்றார்கள், யாரும் தேற்றவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டார்கள். அலாவுதீன், "மாப்பு பண்ணிரும்மா" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"நீங்க என்ன செய்வீங்க பாய்" என்றாள் அவள் கடைசியில். "பஸ்சுக்கு நிக்க வேணாம்னு கொண்டாந்து விட்டீங்க. ஆனா வந்து சொல்லியிருக்கணும். அன்னைக்கே வந்து சொல்லியிருக்கணும்."

அலாவுதீன் ஆமாம் என்று தலையாட்டினார்.

கலைவாணன் சாவியை எடுத்துத் திண்ணையில் வைத்தான். "எனக்கு இந்த வண்டி வேணாங்க. உங்ககிட்டயே இருக்கட்டும்."

"எதுக்கு?" அவள் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவரு வித்துட்டாரு. வித்தது வித்ததுதான். நீங்க ஓட்டுங்க சார். பாத்து ஓட்டுங்க." பிறகு கையை நீட்டினாள். "அந்தத் தாளக் குடுங்க. பேனாவும் குடுங்க."

கலைவாணன் படிவத்தைச் சீட்டின்மேல், பச்சை முடிச்சுகளுக்குப் பக்கத்தில் விரித்தான். அவள் குனிந்து, 14.8.2006 என்பதை ஒரே கோடாக அடித்தாள். அதன் மேல், ஒவ்வோர் எண்ணாக, அழுத்தி எழுதினாள்: 26.12.2004.

அடித்துத் திருத்திய தாள் எந்த ஆபீசிலும் செல்லாது என்று கலைவாணனுக்குத் தெரியும். கடல் காற்றில் அது படபடத்தது. அவள் எழுதி முடிக்கும்வரை இரண்டு ஓரத்தையும் அவன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தான்.