பட்டியலில் கடைசிப் பெயர்

ஸெலெனி என்று குடும்பப் பெயரை வைத்துக்கொண்டு ஒருவன் பட்டாளத்தில் சேரவே கூடாது. சாப்பாடா, சட்டையா, சம்பளமா, தடுப்பூசியா, எதுவானாலும் அங்கே குடும்பப் பெயரின் முதல் எழுத்துப்படிதான் வரிசை. ஏ-யில் தொடங்கி இஸட்டில் முடியும். கான்சாஸ் புல்வெளியில் இருந்த அந்த விமானத் தளத்தில் இஸட்டுக்கு ஒரே ஒரு ஆள்தான். லாடி ஸெலெனி. பெயரைச் சொல்லிக்கூட யாரும் அவனைக் கூப்பிட்டதில்லை. "டேய் இஸட்!" என்றால் திரும்பிப் பார்ப்பான்.

அவன் முறை வரும்போது ஆப்பிள் பை என்கிற பழப் பலகாரம் தீர்ந்து, தட்டு மட்டும் இருக்கும். ஊசி மழுங்கியிருக்கும். பூட்ஸ் கொடுத்த அன்று மிச்சமிருந்தது ஒரே ஜோடி. எட்டாம் நம்பர் காலுக்குப் பத்தாம் நம்பர், முனை வேறு பலகை மாதிரி சப்பை. "பஞ்சு வெச்சுப் போட்டுக்கோ" என்றார் ஸ்டோர்காரர். போட்டுக்கொண்டான். வேறு என்ன செய்வான்?

வேலை பாராசூட் மடிப்பது. மடித்துக்கொண்டே நினைப்பது ஒன்றே ஒன்று. ஜூலை மாதம் நெப்ராஸ்காவில் அவன் மனைவி ஆல்பினாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ரோசலி. ஒரு போட்டோ வந்தது, அதில் மகாராணி கண்ணை மூடித் தூங்குகிறாள். கண் என்ன நிறம் என்று கேட்டு எழுதினான். "நேர்ல வந்து பாத்துக்கோ, நான் சொல்ல மாட்டேன்" என்று பதில் எழுதினாள் ஆல்பினா. கொழுப்பைப் பாருங்கள்! கப்பலேறுவதற்குள் மகளை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அந்த 1943ஆம் வருஷம் அவனுக்கு வேறு எந்த ஆசையும் இருந்ததில்லை.

செப்டம்பரில் தளத்துக் கால்பந்து அணி மைதானத்தில் இறங்கியது. பெயருக்குத்தான் கால்பந்து, பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு முட்டி மோதி ஓடுவதுதான் ஆட்டம். காலுக்கு எப்போதாவதுதான் வேலை. பயிற்சியாளர் கேப்டன் டட்டில், போருக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவர். பெரிய கல்லூரிகளில் ஆடிய பயல்கள் நாலைந்து பேர் அணியில் கிடைத்ததும் மனிதர் தரையிலேயே நடக்கவில்லை. முதல் ஆட்டத்தை 34-0 என்று ஜெயித்தார்கள்.

மறு திங்கட்கிழமை அறிவிப்புப் பலகையில் ஒரு பட்டியல் தொங்கியது. கடல் தாண்டிப் போகிறவர்கள். அதுவும் ஏ-யிலிருந்துதான். அணியின் மூளையாக இருந்த ஆபட் போனான். அடுத்த திங்கள் பர்ட்சால். அதற்கடுத்த திங்கள் கார்மடியும் அவன் தம்பியும் ஒன்றாக. நாலாவது ஆட்டத்தில் உதை வாங்கிக்கொண்டு வந்த டட்டில் பட்டியலை ஒரு மணி நேரம் முறைத்துப் பார்த்தார். பிறகு மேசையைத் தட்டினார்.

"இனிமே எனக்கு ஆட்டம் தெரிஞ்சவன் வேணாம். எஸ்-லேருந்து பின்னாடி பேரு இருக்கறவன் வேணும். இந்த வேகத்துல போனா கிறிஸ்துமஸ் வரைக்கும் அவங்கள யாரும் தொட மாட்டாங்க!"

அப்படிப் பொறுக்கியதுதான் புது அணி. சிகாகோ கசாப்புக் கடையில் மாடு தூக்கிய வோசிக், அவன் பெயர் டபிள்யூ. தபால் பிரிக்கும் யான்சி, ஒய். இப்படியே எஸ், டி, வி என்று ஒரு கூட்டம். கடைசியாக நம் இஸட்டு. அறுபது கிலோகூட இல்லாதவன். ஓடச் சொன்னால் பூட்ஸ் ஓரிடத்தில் நின்றது, அவன் வேறிடத்தில் விழுந்தான். டட்டில் தலையில் கை வைத்துக்கொண்டு, "சரி, சும்மா உதைச்சாவது காட்டு" என்றார். அந்தச் சப்பை முனைப் பூட்ஸால் உதைத்தான். பந்து கம்பங்களுக்கு நடுவே பறந்து, வேலி தாண்டி, கோதுமை வயலில் போய் விழுந்தது.

"அடப் பாவி! இதை எங்கடா வெச்சிருந்த?" என்றான் வோசிக்.

"ஸ்டோர்ல குடுத்ததுதான்."

அன்றிலிருந்து அணிக்கு உதைப்பவன் அவன்தான். ஜெயித்தது கொஞ்சம், தோற்றது நிறைய. அக்டோபர் கடைசியில் ஒரு கடற்படைப் பள்ளியை 3-0 என்று மண்ணைக் கவ்வ வைத்தார்கள். மூன்று புள்ளியும் இஸட்டின் உதை. வோசிக் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு குளியலறைவரை போனான். அந்த வாரம் பயல் மிதந்துகொண்டிருந்தான்.

மிதந்தவன் சும்மா இருந்திருக்கலாம். அலுவலக வாசலில் யோசனைப் பெட்டி என்று ஒன்று இருந்தது. மாதத்தின் சிறந்த யோசனைக்கு மூன்று நாள் விடுப்பு. மூன்று நாள்! நெப்ராஸ்கா போய்த் திரும்பலாம். உட்கார்ந்து எழுதினான்: "சார், எல்லாவற்றையும் ஏ-யிலிருந்தே தொடங்குவது அநியாயம். கொஞ்ச நாள் இஸட்டிலிருந்து தொடங்கிப் பார்க்கலாமே. இப்படிக்கு, பை சாப்பிடாதவன், லாடி ஸெலெனி."

அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருந்த லெப்டினன்ட் எபர்ஹார்ட் நியாயவாதி. நியாயவாதிகளிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், அரைகுறையாக எதையும் செய்ய மாட்டார்கள். படித்தார், நெகிழ்ந்தார், முதல் பரிசு கொடுத்தார். நவம்பரின் கடைசி ஆட்டம் நன்றி தெரிவிக்கும் நாளான வியாழக்கிழமை. அது முடிந்ததும் இஸட் ஊருக்குப் போகலாம் என்று தாளில் முத்திரையும் விழுந்தது.

சனிக்கிழமை சாப்பாட்டு வரிசையில் முதல் ஆள் இஸட். ஆவி பறக்கும் ஆப்பிள் பையை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்து, இரண்டு துண்டு வாங்கினான். பின்னால் நின்ற யான்சியிடமும் வோசிக்கிடமும் திரும்பி, "பசங்களா, இனி நம்ம ராஜ்ஜியம்" என்றான்.

திங்கட்கிழமை கடல் தாண்டுகிறவர்கள் பட்டியல் வந்தது. அதையும் இஸட்டிலிருந்து தொடங்கியிருந்தார்கள்.

முதல் பெயர் ஸெலெனி. கீழே யான்சி, வோசிக், இன்னும் ஐந்து டபிள்யூ, வி, டி, எஸ் என்று மொத்தம் நாற்பத்திரண்டு பேர். அணியின் பதினோரு பேரில் ஒன்பது பேர் அதில் இருந்தார்கள். ரயில் வியாழக்கிழமை மாலை நாலரை மணிக்கு. விடுப்பெல்லாம் ரத்து.

டட்டில் உடை மாற்றும் அறைக்குள் வந்தபோது முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது. "எவண்டா அந்த யோசனை எழுதின புண்ணியவான்?"

எழுதியது யாரென்று எபர்ஹார்டுக்கு மட்டும்தான் தெரியும். இஸட் சொல்லாமல் இருந்தால் இங்கே யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனாலும் எழுந்து நின்றான்.

"நான்தான் சார். குழந்தையப் பாக்க லீவு கிடைக்குமேன்னு எழுதினேன். இப்படி ஆகும்னு சத்தியமா நினைக்கல."

டட்டில் விசிலைக் கழற்றி பெஞ்சில் எறிந்துவிட்டு வெளியே போனார். வோசிக் அவன் பக்கம் திரும்பினான். "எங்க அம்மா கிறிஸ்துமஸுக்குக் கிளம்பி வர்றதா இருந்தாங்கடா" என்றான். பிறகு அவனும் வெளியே போனான்.

இஸட் தந்தி அடித்தான்: "விடுப்பு ரத்து. வியாழன் நாலரை ரயில். நீ வா." பதில் வந்தது: "இரண்டு மணிக்கு வருகிறேன்." சண்டைக் காலத்தில் எந்த ரயில் சொன்ன நேரத்துக்கு வந்தது?

வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஆட்டம், பக்கத்து ஊர்க் கல்லூரியோடு. மழை, சேறு. முதல் பாதியில் யாரும் இஸட்டோடு பேசவில்லை. கடைசி நிமிஷத்தில் வோசிக் நாலு பேரை இழுத்துக்கொண்டே போய்க் கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்தான். கல்லூரி 13, தளம் 12. கோடு தாண்டியதற்குப் பரிசாக ஒரு உதை உண்டு; அது கம்பங்களுக்கு நடுவே போனால் ஒரு புள்ளி, ஆட்டம் சமம். சீசனைத் தலை நிமிர்ந்து முடிக்கலாம்.

இஸட் ஓடி வந்தான். அந்த நேரம் பார்த்துத் தூரத்தில் ரயில் ஊதியது. நிமிர்ந்து பார்த்துவிட்டான், பாவி! பந்து கம்பத்தில் பட்டு, திரும்பி வந்து, அவன் காலடியிலேயே விழுந்தது. ஊதியது வெறும் சரக்கு ரயில்.

நாலு மணி. காதில் சேறோடு நாற்பத்திரண்டு பேரும் பிளாட்பாரத்தில் மூட்டையோடு நின்றார்கள். எதிர்ப் பக்கத் தண்டவாளம் காலியாகக் கிடந்தது. ஆல்பினாவின் ரயில் இரண்டரை மணி நேரம் தாமதம் என்று கரும்பலகையில் எழுதியிருந்தது. இஸட் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணில் தண்ணீர் கட்டி எழுத்து கலங்கியது.

எபர்ஹார்ட் பட்டியலை விரித்தார். பெயர் கூப்பிட்டால் ஏற வேண்டும். ஏறியவன் இறங்கக் கூடாது. "ஸெ..." என்று ஆரம்பித்தார்.

"சார்!" வோசிக்கின் குரல். "அந்தக் காகிதத்தைத் தலைகீழா படிங்க சார்."

"என்னது?"

"பழையபடி எஸ்-லேருந்து கூப்பிடுங்க. இவன் கடைசியா ஏறட்டும். எல்லாத்துலயும் கடைசியா நின்னவன்தானே, இன்னிக்கு மட்டும் என்ன அவசரம்?"

மற்றவர்கள் தலையாட்டினார்கள். இஸட் அவர்களைப் பார்க்க முடியாமல் தன் பூட்ஸைப் பார்த்தான். எபர்ஹார்டுக்கு எல்லாம் விளங்கிப்போய் முகம் வாடிவிட்டது. தாளைக் கீழேயிருந்து படிக்க ஆரம்பித்தார்.

"சாயர்!"

சாயர் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நடந்தான். அடுத்தவன் படியில் கால் வைத்தபின் நாடா அவிழ்ந்திருப்பதைக் கண்டுபிடித்தான். இன்னொருவன் மூட்டையைக் கீழே போட்டு, சாமானை எண்ணி எண்ணி அடுக்கினான். ஸ்டேஷன் மாஸ்டர் கடிகாரத்தைக் காட்டிக் கத்தினார். டட்டில் அவரைத் தனியாகக் கூட்டிப்போய், தென் அமெரிக்காவின் நதிகளைப் பற்றி ஏதோ சந்தேகம் கேட்க ஆரம்பித்தார். எஸ் முடிந்தது. டி முடிந்தது. வி-யில் இரண்டே பேர், அவர்களும் முடிந்தார்கள்.

முதல் டபிள்யூவைக் கூப்பிட்டபோது எதிர்ப் பக்கம் ரயில் வந்து நின்றது.

ஆல்பினா ஒரு கையில் குழந்தையும் மறு கையில் கூடையுமாக ஓடிவந்தாள். இஸட் குழந்தையை வாங்கினான். நல்ல தூக்கம். போட்டோவில் இருந்த அதே மூஞ்சி, அதே மூடிய கண்.

"இங்கயும் தூங்கறாளா!"

"வழியெல்லாம் கத்திட்டு இப்பத்தான் கண்ணசந்தா" என்றாள் ஆல்பினா. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கூடையை அப்படியே பக்கத்து ஜன்னலில் நீட்டினாள்; அவள் சுட்ட கொடிமுந்திரி பன்கள். "எல்லாரும் எடுத்துக்குங்கப்பா."

டபிள்யூ ஆறு பேர். ஆறு பேரும் ஆமையாக ஏறினார்கள். வோசிக் ஏறுவதற்கு முன் நின்று, சேற்று விரலைச் சட்டையில் துடைத்துவிட்டுக் குழந்தையின் காலைத் தொட்டான். யான்சி ஏறினான். பிளாட்பாரத்தில் ஏற வேண்டியவன் ஒருவன்தான் பாக்கி. எபர்ஹார்ட் குரலைத் தாழ்த்தி, "ஸெலெனி" என்றார்.

ஜன்னலிலிருந்து வோசிக் கத்தினான்: "இன்னும் சத்தமா கூப்பிடுங்க சார்! பாப்பா முழிக்கட்டும்!"

எபர்ஹார்ட் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். "ஸெலெனி!"

ரோசலி திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள். பழுப்பு. நல்ல தேன் பழுப்பு. அப்பனை மேலும் கீழும் பார்த்தாள், பிறகு அவன் சேற்று மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கேன் சார்" என்றான் இஸட். அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, குழந்தையை ஆல்பினாவிடம் கொடுத்துவிட்டு, நகரும் ரயிலில் ஓடி ஏறினான்.

உள்ளே நாற்பத்தோரு பேர் வாயெல்லாம் மாவுச் சீனி. வோசிக் காலிக் கூடையைக் கவிழ்த்துக் காட்டினான்.

"பன்னு தீந்துபோச்சுடா இஸட். கடைசியா வந்தா அப்படித்தான்."

இஸட் அவன் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, "பழுப்புடா" என்றான்.